ரோமானிய மருத்துவ, ஒப்பனைக் கருவிகள்: குழியிலிருந்து பதிவேடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்து, வேல்ஸ் வயல்களில் மெட்டல் டிடெக்டருடன் நடப்பவர்கள் கையில் அடிக்கடி சிக்குவது, பச்சையேறிய ஒரு மெல்லிய குச்சி. ஒரு முனையில் குட்டிக் கரண்டி இருக்கும். அல்லது இருந்து உடைந்திருக்கும். கொண்டை ஊசியா, காது குடைவானா, ரோமானியர் பிரிட்டனை ஆண்ட காலத்து வைத்தியரின் சலாகையா (மருந்து தடவும் மெல்லிய குச்சி), போன நூற்றாண்டுக் குப்பையா என்று குழியருகிலேயே முடிவுகட்டத் துடிப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை.

பெயர் கடைசியில் வர வேண்டியது. அதற்கு முன்னால் இடம், மண், அளவு, உடைப்பு, முனை என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். வரிசை மாறினால், பின்னால் கிடைக்க வேண்டிய சான்று முன்னாலேயே அழிந்துபோகும். கழுவிய பிறகு கரண்டிக் குழியில் என்ன ஒட்டியிருந்தது என்று பார்க்க முடியாது. பத்துப் பொருள்களோடு ஒரே பைக்குள் போட்ட பிறகு இடத்தை மீட்க முடியாது.

இங்கே சொல்பவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. ஸ்காட்லாந்தில் கிடைக்கும் தொல்பொருள் எதுவானாலும் அறிவித்தே ஆக வேண்டும். வட அயர்லாந்தில் உரிமமில்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவதே குற்றம்.

## 1. வயலுக்குப் போகுமுன்

நில உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். குத்தகைக்குப் பயிரிடுபவர் வேறு ஆளாக இருந்தால் அவரிடமும் சொல்ல வேண்டும். கிடைப்பதை யார் வைத்துக்கொள்வது, விற்றால் எப்படிப் பங்கிடுவது என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். பொருள் கிடைத்த பிறகு இதைப் பேசினால் நட்பு முறியும்.

அடுத்து, அந்த நிலம் பாதுகாக்கப்பட்ட தொல்லிடப் பட்டியலில் இருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். பட்டியலில் இருந்தால், உரிமையாளர் சரி என்றாலும் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் தனி அனுமதி இல்லாமல் மெட்டல் டிடெக்டரை அங்கே இயக்கக்கூடாது.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. ஜிப் வைத்த சிறு பிளாஸ்டிக் பைகள், ஊசியால் நாலைந்து துளை போட்டவை. அழியாத மை பேனா. பிரிட்டன் வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் கட்ட எண்ணைக் காட்டும் ஜிபிஎஸ் அல்லது போன் செயலி. மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் அமிலமில்லாத டிஷ்யூ தாள். வீட்டில் 0.1 கிராம் வரை காட்டும் தராசு, பிளாஸ்டிக் வெர்னியர், 10 மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். வெர்னியர் பிளாஸ்டிக்கில் இருப்பது முக்கியம். இரும்பு வெர்னியரின் தாடை பச்சைப் படலத்தில் கீறல் போட்டுவிடும்.

## 2. குழியிலிருந்து தூக்குவது

நாணயத்துக்குத் தோண்டுவது போல் இதற்குத் தோண்டக்கூடாது. மெல்லிய, நீளமான பொருளில் சத்தம் எழுவது பெரும்பாலும் தடித்த முனையிலிருந்து. நீங்கள் மையம் என்று நினைத்து மண்வெட்டியை இறக்கும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி அதன் காம்பு கிடக்கலாம். எனவே வழக்கத்தைவிட அகலமாக வெட்டி, மண்கட்டியை முழுசாகத் தூக்குங்கள்.

முனை தெரிந்ததும் அதைப் பிடித்து இழுக்காதீர்கள். சலாகைகளின் காம்பு 2 முதல் 3 மி.மீ. கனம்தான். வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே அரித்துப் புரையோடிப் போயிருக்கும். சுற்றியுள்ள மண்ணை விரலால் உதிர்த்து, முழு நீளமும் தெரிந்த பிறகு, அடியில் ஒரு பலகைத் துண்டையோ கரண்டியையோ கொடுத்துத் தூக்குங்கள்.

உழவு மண்ணுக்குக் கீழே போய்விட்டீர்கள் என்றால் நிறுத்துங்கள். மண்ணின் நிறம் மாறுவதிலிருந்து அது தெரியும். ஒரே குழியில் இரண்டாவது, மூன்றாவது கருவி தலைகாட்டினாலும், எலும்போ பானை விளிம்போ தெரிந்தாலும் நிறுத்துங்கள். அது சிதறிய பொருளாக இல்லாமல், அப்படியே வைத்த இடமாக இருக்கலாம்.

கொல்செஸ்டர் அருகே ஸ்டான்வேயில் 1996இல் அகழ்ந்த கல்லறை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த அந்தக் குழியில் அறுவைக் கருவிகளும், நீலமும் வெள்ளையுமான கண்ணாடிக் காய்களை அடுக்கிய ஆட்டப் பலகையும், ஒரு வடிகலமும் இருந்தன. வடிகலத்தின் மூக்கில் அடைத்திருந்த சக்கை மாசிபத்திரி இனத்துச் செடி என்று ஆய்வில் தெரிந்தது. யாராவது அவசரப்பட்டுக் கருவிகளை மட்டும் உருவியிருந்தால், காய்கள் நின்ற நிலையும் அந்தச் சக்கையும் போயிருக்கும்; ‘வைத்தியர் கல்லறை’ என்று இன்று பேச எந்த ஆதாரமும் மிஞ்சியிருக்காது.

## 3. இடத்தை அங்கேயே எழுதுங்கள்

பொருள் பைக்குள் போகுமுன் கட்ட எண்ணை எழுதுங்கள். இரண்டு எழுத்தும் 6 இலக்கமும் என்றால் 100 மீட்டர் சதுரம். 8 இலக்கம் 10 மீட்டர். 10 இலக்கம் 1 மீட்டர். எட்டுக்குக் குறைந்த எண் ஆய்வுக்கு அவ்வளவாக உதவாது. 10 இலக்கம்தான் இலக்கு.

போனை எடுத்தவுடன் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். அரை நிமிடம் அசையாமல் நின்றால் செயற்கைக்கோள் கணக்கு நிலைப்படும். கையுறையைக் கழற்ற அலுப்புப்பட்டு, ‘வேலியோரம், ஓக் மரத்துக்குப் பக்கத்தில்’ என்று மனதில் வைத்துக்கொள்பவர்கள் ராத்திரி வீட்டில் எழுதும் எண் பெரும்பாலும் தவறாகவே இருக்கும்.

ஒரு பொருளுக்கு ஒரு பை. பையின் மேல் எண், தேதி, ஆழம், பக்கத்தில் என்ன கிடைத்தது: இவ்வளவு போதும். பக்கத்தில் கிடைத்ததை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தனியாக ஒரு காது குடைவான் என்றால் யாரோ தொலைத்தது. அதே 20 மீட்டருக்குள் சாமணமும் (மயிர், முள் பிடுங்கும் இடுக்கி), நகம் துப்புரவாக்கும் கவையும், ஓட்டுச் சில்லும் இருந்தால் அங்கே ஒரு குடியிருப்பு இருந்திருக்கலாம்.

## 4. கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள்

இந்தப் படியில்தான் அதிக இழப்பு நேர்கிறது. தமிழ் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஒரு கூடுதல் ஆபத்தும் உண்டு. பித்தளைக் குத்துவிளக்கையும் செப்புக் குடத்தையும் புளி போட்டுத் துலக்கிப் பழகிய கை, பச்சையேறிய செம்பைப் பார்த்ததும் அதையே செய்யப் போகும். புளி, எலுமிச்சை, வினிகர், கோலா, எதுவானாலும் அமிலம்தான். அந்தப் பச்சைப் படலத்தை அது கரைத்துவிடும்.

படலம் என்பது அழுக்கில்லை. ஈராயிரம் ஆண்டில் உலோகத்தின் மேற்பகுதிதான் படலமாக மாறியிருக்கிறது. கருவி செய்தவர் போட்ட கீறல் வரிகள், வெள்ளீயப் பூச்சு, வெள்ளி இழை எல்லாம் அந்தப் படலத்தில்தான் தங்கியிருக்கின்றன. அதைக் கரைத்தால் அடியில் மிஞ்சுவது குழிவிழுந்த, மொட்டையான செம்புக் கம்பி.

இன்னொரு காரணம் உள்ளே இருப்பது. லண்டன் சதர்க்கில் டபார்டு சதுக்க அகழாய்வில் 2003இல் வெள்ளீயத்தால் ஆன சின்னச் சிமிழ் ஒன்று கிடைத்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டு, குறுக்கே 6 செ.மீ. மூடி இறுகியிருந்ததால் உள்ளே வெள்ளைப் பசை அப்படியே இருந்தது. மூடியின் உட்புறத்தில் கடைசியாக அதைத் தொட்டவரின் விரல் இழுத்த தடம்கூடத் தெரிந்தது. பசையைப் பிரித்துப் பார்த்தபோது விலங்குக் கொழுப்பு, மாவுச்சத்து, வெள்ளீய ஆக்சைடு மூன்றும் இருந்தன. முகத்தை வெளுப்பாகக் காட்டும் பூச்சு. அதுவும் நச்சான ஈய வெள்ளைக்குப் பதிலாகத் தீங்கில்லாத வெள்ளீயம் சேர்த்தது. குழாயடியில் ஒரு நிமிடம் பிடித்திருந்தால் இதில் ஒன்றுமே நமக்குத் தெரிந்திருக்காது.

உங்கள் கருவியின் கரண்டிக் குழியிலும், ஒப்பனைப் பொடி அரைக்கும் குட்டி உரலின் பள்ளத்திலும், சாமணத்தின் இரு தாடைக்கு நடுவிலும் அப்படி ஏதாவது இருக்கலாம். அந்த மூன்று இடத்து மண்ணை ஒருபோதும் தோண்டி எடுக்காதீர்கள். இரும்புத் துரு ஒட்டியிருந்தாலும் தொடாதீர்கள். துருவுக்குள் மரப்பிடியின் நாரோ, சுற்றியிருந்த துணியின் நெசவோ கல்லாகி நிற்பது உண்டு.

செய்ய வேண்டியது இவ்வளவே: நிழலில், டிஷ்யூ தாள் மேல், இரண்டு மூன்று நாள் மெல்ல உலரவிடுங்கள். ஹீட்டர் மேலோ வெயிலிலோ வைத்தால் படலம் வெடித்து உதிரும். உலர்ந்ததும் தானாக உதிரும் மண்ணை மட்டும் மென்மையான தூரிகையால் தட்டுங்கள். சேற்று நிலத்திலோ ஆற்றுப் படுகையிலோ கிடைத்தது, அதில் மரமோ தோலோ ஒட்டியிருக்கிறது என்றால் விதி தலைகீழ். உலரவிடாமல் ஈரத்தோடு பையில் வைத்து அன்றே உதவி கேளுங்கள்.

எண்ணெய் தடவுவதும் கூடாது. சில நாள் பார்வைக்கு அழகாக இருக்கும்; பிறகு எண்ணெயின் கொழுப்பமிலம் செம்பைத் தின்னத் தொடங்கும்.

## 5. அளவு, எடை, படம்

மொத்த நீளம், அதிகபட்ச அகலம், காம்பின் கனம், கரண்டி அல்லது தட்டின் விட்டம், எடை. மி.மீட்டரிலும் கிராமிலும் எழுதுங்கள். வளைந்திருந்தால் வளைந்த நிலையிலேயே அளந்து, ‘வளைந்தது’ என்று குறித்துவிடுங்கள். நிமிர்த்தப் பார்த்தால் ஒடியும். போதாக்குறைக்கு, காது குடைவானின் தட்டு காம்போடு கோணமாகத் திரும்பியிருப்பது செய்யும்போதே செய்த வளைவு. அதை ‘சரி’ செய்தவர்கள் அடையாளத்தையே அழித்தார்கள்.

காம்பின் குறுக்குவெட்டு வட்டமா, சதுரமா, எண்கோணமா என்று லென்ஸில் பாருங்கள். ஒரே காம்பில் இரண்டு மூன்று வடிவம் மாறுவதும் உண்டு.

படத்துக்கு வெளிச்சம் இடப்பக்க மேல்மூலையிலிருந்து விழட்டும். தொல்பொருள் படங்களில் அதுதான் வழக்கம். எல்லோரும் ஒரே பக்கத்திலிருந்து ஒளி விட்டால்தான் எது மேடு எது பள்ளம் என்று குழம்பாது. முன், பின், பக்கவாட்டு என மூன்று படம், இரண்டு முனைக்கும் தனித்தனிப் படம், ஒவ்வொன்றிலும் அளவுகோல். நாணயத்தைப் பக்கத்தில் வைத்து எடுத்த படம் பதிவுக்கு உதவாது.

## 6. உடைந்த இடம் பழையதா, புதியதா?

உடைப்பின் முகத்திலும் மற்ற இடத்தைப் போலவே பச்சை அல்லது பழுப்புப் படலம் இருந்தால் பழைய உடைப்பு. மஞ்சளோ செம்மஞ்சளோ பளிச்சென்று தெரிந்தால் புதியது. கலப்பையாலோ உங்கள் மண்வெட்டியாலோ நேர்ந்தது.

புதியது என்றால் அடுத்த துண்டு பக்கத்திலேயே கிடக்கிறது. அதே குழியையும் வெளியே போட்ட மண்ணையும் மறுபடி தேடுங்கள். இந்தக் கருவிகளில் பல இருமுனைக் கருவிகள். பாதியை வைத்துக்கொண்டு சொல்லும் பெயரும் பாதிப் பெயர்தான். ஒட்டுப் பசை போட்டுச் சேர்க்காதீர்கள். உடைப்பு முகத்தில்தான் உலோகத்தின் உள்ளமைப்பு தெரியும்.

## 7. முனையைப் படியுங்கள்

இப்போதுதான் கருவியின் பேச்சைக் கேட்கும் கட்டம். காம்பு அதிகம் சொல்லாது, முனைகள்தான் சொல்லும்.

காது குடைவான். 4 முதல் 6 மி.மீ. விட்டமுள்ள குட்டித் தட்டு. லேசாகக் குழிந்து, காம்போடு கோணமாகத் திரும்பியிருக்கும். மறுமுனை கூராக ஒடுங்கினால் தனிக் கருவி. வளையமாகவோ துளையாகவோ முடிந்தால் ஒரு கொத்தைச் சேர்ந்தது. முள்வாங்கியையும் குறும்பிவாங்கியையும் ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் சொருகிய பாட்டன்மாரைப் பார்த்தவர்களுக்கு ரோமானியர் கொத்து உடனே புரியும். அதிலும் சாமணம், காது குடைவான், நகக் கவை மூன்றும் ஒரு வளையத்தில் தொங்கின. நீளமான தட்டுமுனைக் கருவி குறுகிய கழுத்துப் புட்டியிலிருந்து தைலம், பொடி எடுக்கவும் பயன்பட்டது. ஆகவே ‘காது’ என்ற பெயரை வைத்துக்கொண்டு ஒரே வேலை என்று எண்ண வேண்டாம்.

நகக் கவை. தட்டையான தகடு, மேலே தொங்கவிட வளையம், கீழே பாம்பின் நாக்கு போல இரண்டாகப் பிளந்த முனை. இது ரோமானிய பிரிட்டனுக்கே உரிய பொருள் என்று சொல்லலாம். ஐரோப்பியப் பெருநிலத்தில் அரிது. ஒரு பல் ஒடிந்துவிட்டால் வெறும் கூர்க் கருவியாகத் தோன்றும். மிச்சமிருக்கும் பல் நடுவில் இல்லாமல் ஓரமாக நிற்பதைக் கவனியுங்கள், அங்கே பிடிபடும்.

சாமணம். ஒரே தகட்டை இரண்டாக மடித்து, மேலே சுருளாக்கி, தாடைகளை உள்நோக்கி வளைத்தது ஒப்பனைச் சாமணம். 4 முதல் 6 செ.மீ. இருப்பது வழக்கம். அறுவைச் சாமணம் இதைவிட நீளம், கனமாக வார்த்தது, பிடியில் அலங்கார உருளைகளோ, தாடையை இறுக்கி நிறுத்த நகரும் வளையமோ இருக்கலாம். தாடையின் விளிம்பைப் பாருங்கள். ஒன்றோடொன்று பொருந்தும் பற்கள் இருந்தால் மயிர் பிடுங்கும் கருவி இல்லை. தசையைப் பிடிக்கும் கருவி.

அகப்பை முனைச் சலாகை. ஒரு முனையில் நீண்டு ஒடுங்கிய கரண்டி, கழுத்தில் திருகியது போன்ற வளைய அலங்காரம், மறுமுனையில் ஆலிவ் கொட்டை போன்ற குமிழ். மருந்தை அகப்பையால் அள்ளி, குமிழால் குழைத்துப் புண்ணில் தடவினார்கள். கரண்டி இல்லாமல் குமிழ் மட்டும் கிடைத்தால் எந்தச் சலாகை என்று சொல்ல முடியாது. ‘குமிழ்முனைச் சலாகையின் துண்டு’ என்றே எழுதுங்கள்.

துடுப்பு முனைச் சலாகை. கரண்டிக்குப் பதில் தட்டையான இலை வடிவத் துடுப்பு. முழுசாக இருந்தால் 15 செ.மீட்டருக்கு மேலும் போகும். மருந்துக் களிம்பைத் துணியில் பரப்ப இது வைத்தியருக்கு வேண்டும். முகப்பூச்சைக் குழைக்கப் பெண்களுக்கும், வண்ணம் குழைக்க ஓவியருக்கும் வேண்டும். (தமிழில் செம்பில் ஏறும் பச்சையும் களிம்புதான், பூசும் மருந்தும் களிம்புதான். பதிவில் எதைச் சொல்கிறோம் என்று தெளிவாக எழுதுவது நல்லது.)

அறுவைக் கத்தியின் பிடி. புதியவர்கள் தவறவிடுவதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இது. கத்தியின் அலகு இரும்பு. பெரும்பாலும் துருவாகிப் போயிருக்கும். கையில் வருவது செப்புக் கலவையால் ஆன ஒரு சின்னக் கட்டை, ஒரு பக்கம் இலை வடிவ மழுங்கிய துடுப்பு. பொதுவாக 8 முதல் 10 செ.மீ. ‘ஏதோ தாழ்ப்பாள்’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். துடுப்பு இல்லாத முனையைத் திருப்பி, நேராக உங்களை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். அங்கே ஒரு குறுகிய பிளவு, அதன் கடைசியில் இரு பக்கமும் உருண்ட விளிம்பு. பிளவுக்குள் செம்பழுப்புத் துரு. அந்தத் துருதான் மிச்சமிருக்கும் அலகு. இலைத் துடுப்பு, அறுத்த தசையை வெட்டாமல் விலக்கிப் பிரிப்பதற்கு. பிளவைச் சுத்தம் செய்ய ஊசியை எடுத்தால், கத்தி என்பதற்கான ஒரே சான்றைக் குத்தி எறிகிறீர்கள்.

ஒப்பனை உரலும் குழவியும். பிறை வடிவ வார்ப்பு, நீளவாக்கில் பள்ளம். இது உரல். அதே வளைவில், பள்ளமில்லாத தண்டு குழவி. தொங்கவிட நடுவிலோ ஓரத்திலோ ஒரு வளையம். முனைகளில் காளைத் தலையோ நீர்ப்பறவைத் தலையோ இருக்கலாம். இரும்புக் காலத்தின் கடைசியிலும் ரோமானியர் காலத்தின் முற்பகுதியிலும் பிரிட்டனில் புழங்கியது; வேறெங்கும் கிட்டத்தட்ட இல்லை. ஜோடியாகக் கிடைப்பது அரிது. நம் அம்மியில் குழவி ஓடுவது போலத் தள்ளி இழுத்து அரைத்ததால், பள்ளத்தின் அடி வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கும். குதிரைச் சேணத் தொங்கலிலிருந்தும் பிறைப் பதக்கத்திலிருந்தும் இதைப் பிரித்துக் காட்டுவது அந்தத் தேய்மானமே.

கண்மருந்து முத்திரைக் கல். டிடெக்டர் இதற்குக் கத்தாது. கண்தான் பார்க்க வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் தட்டையான சதுரக் கல், விளிம்புகளில் இடவலம் மாறிய லத்தீன் எழுத்து. வைத்தியர் பெயர், மருந்தின் பெயர், எந்தக் கண்நோய்க்கு என்பது ஆகியவற்றை, காயவைக்கும் மருந்துக் குச்சியில் அழுத்திப் பதித்தார்கள். படமெடுத்துக் கணினியில் இடவலமாகத் திருப்பினால் படிக்கலாம். எழுத்துப் பள்ளத்தை மட்டும் நோண்டாதீர்கள்.

## 8. ஏமாற்றும் வேறு பொருள்கள்

பெயர் வைக்குமுன் இவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொள்ளுங்கள்.

பிளவு ஆணி: இயந்திரங்களில் போடும் அரைவட்டக் கம்பி ஆணி சாமணம் போலவே தெரியும். அதன் கால்கள் கனத்தில் துல்லியமாக ஒன்றாக இருக்கும். முனை உள்ளே வளையாது.

ரோமானியக் கரண்டி: காம்பு கூர், மறுமுனை வட்டக் குழி. குழி 2 செ.மீட்டரைத் தாண்டினால் சாப்பாட்டுக் கரண்டி பக்கம் போய்விடுங்கள்.

எழுத்தாணி: ஒரு முனை கூர், மறுமுனை மெழுகை அழிக்கும் ஆப்பு. துடுப்பின் விளிம்பு மெல்லிய இலையாக இல்லாமல் நேராக வெட்டிய ஆப்பாக இருந்தால் எழுத்தாணி என்று பாருங்கள்.

பின்னாள் கோர்ப்பூசி: 17ஆம் நூற்றாண்டில் பெண்கள் வைத்திருந்த நாடா கோர்க்கும் ஊசிகளில் ஒரு முனை காது குடைவான். தட்டையாக, நீளக் காதுடன், சில சமயம் பெயரெழுத்துடன் இருக்கும். பெரும்பாலும் வெள்ளி. ரோமானியப் பொருள் இல்லையே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சட்டம் இதையும் பிடிக்கும். 10ஆம் படியைப் பாருங்கள்.

ஆங்கிலோ-சாக்சன் சாமணம்: கைகள் கீழே போகப் போக விரியும். 5, 6ஆம் நூற்றாண்டுக் கல்லறைகளில் காது குடைவானோடு சேர்ந்தே கிடைப்பதால் குழப்பம் இயல்பு.

## 9. ‘மருத்துவக் கருவி’ என்று எப்போது எழுதலாம்?

தயங்கியே எழுதுங்கள். சலாகை, காது குடைவான், சாதாரணச் சாமணம் மூன்றும் வைத்தியர் பெட்டியிலும் இருந்தன, வீட்டு ஒப்பனைப் பெட்டியிலும் இருந்தன. தனியாக வயலில் கிடைத்த ஒன்றைப் பார்த்து யார் கையில் இருந்தது என்று சொல்ல வழியில்லை. ‘ஒப்பனை அல்லது மருத்துவக் கருவி’ என்பதே நேர்மையான பெயர்.

வடிவத்தை மட்டும் வைத்து மருத்துவம் என்று சொல்லத் தகுந்தவை சில உண்டு. அறுவைக் கத்திப் பிடி, பல்வைத்த சாமணம், ரத்தம் வாங்கும் குவளை, சிறுநீர்க் குழாய், எலும்பு நெம்பும் கோல், கண்புரை ஊசி. இவற்றுக்கு வீட்டு வேலை கிடையாது.

மற்றவற்றுக்குச் சூழல்தான் சாட்சி. இத்தாலியின் ரிமினியில் 1989இல் வெளிப்பட்ட வைத்தியர் வீடு மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் தீக்கிரையானது. அங்கே சுமார் 150 கருவிகள் கிடைத்தன. அவற்றோடு கிடைத்த சலாகை ஒவ்வொன்றும் கூடக் கிடந்தவற்றால் மருத்துவக் கருவி ஆனது. அதே சலாகை தனியாக ஒரு கென்ட் வயலில் கிடைத்தால் அந்தப் பெயர் அதற்கு ஒட்டாது. 3ஆம் படியில் இடத்துக்காக அவ்வளவு வற்புறுத்தியதற்குக் காரணம் இதுதான்.

உலோகத்தின் பெயரிலும் அடக்கம் வேண்டும். ஆய்வகச் சோதனை இல்லாமல் வெண்கலம், பித்தளை என்று எழுதாமல் ‘செப்புக் கலவை’ என்று எழுதுங்கள். நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது.

## 10. சட்டம் எங்கே குறுக்கிடுகிறது

1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேற்பட்ட, எடையில் 10 சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ உள்ள பொருள் (நாணயத்துக்கு விதி வேறு) புதையல். கிடைத்த நாளிலிருந்து, அல்லது அது புதையலாக இருக்கலாம் என்று தெரிந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் அந்த வட்டாரக் கோரனருக்கு (புதையல் விசாரணை நடத்தும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். மறைத்தால் மூன்று மாதம் வரை சிறை உண்டு. எனவே வெள்ளிக் காது குடைவான், வெள்ளிக் கோர்ப்பூசி இரண்டும் அறிவிக்க வேண்டியவை.

தனியாகக் கிடைத்த செப்புக் கலவைச் சலாகை பொதுவாகப் புதையல் ஆகாது. ஆனால் புதையலோடு சேர்ந்து கிடைத்த எதுவும் புதையலே. வெள்ளி நாணயக் குவியலில் கிடந்த செப்புச் சாமணமும் அதில் சேரும். 2023 ஜூலை 30 முதல் இன்னொரு வகையும் சேர்ந்திருக்கிறது. 200 ஆண்டுக்கு மேற்பட்ட, ஓரளவாவது உலோகத்தால் ஆன, வரலாற்றுக்கு மிகச் சிறப்பான வெளிச்சம் தரும் பொருளும் புதையல் ஆகலாம். முழு அறுவைக் கருவித் தொகுதி கிடைத்தால் இந்த விதியை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்களே தீர்ப்பு சொல்லாமல் அறிவித்துவிடுங்கள்.

இன்னொன்று: பிரிட்டன் மண்ணில் கிடைத்த, 50 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக ஏற்றுமதி உரிமம் வேண்டும். விலை குறைவு என்பது சமாதானம் ஆகாது. ஊருக்குப் போகும்போது சொந்தக்காரருக்குக் காட்ட எடுத்துப் போகிறேன் என்பதும் ஆகாது.

## 11. பதிவு செய்வது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1997இல் சில பகுதிகளில் தொடங்கிய ‘போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம்’ என்ற திட்டம் பொதுமக்கள் கண்டெடுத்தவற்றைப் பதிவு செய்கிறது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அந்தப் பதிவைச் செய்ய ஒரு ‘ஃபைண்ட்ஸ் லயசன் ஆபீசர்’ இருக்கிறார். முதலில் படங்களும் அளவும் அனுப்பி, நேரில் கொண்டுவர நாள் கேளுங்கள். புதையல் அல்லாதவற்றைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. பதிவான பின் பொருள் திரும்பக் கைக்கு வரும். ‘எடுத்துக்கொள்வார்கள்’ என்று பயந்து ஒளிப்பவர்கள் வீணாக ஒளிக்கிறார்கள்.

நல்ல பொருளை மட்டும் பொறுக்கிக் கொண்டுபோகாதீர்கள். உடைந்த காம்பு, ஒற்றைப் பல் நகக் கவை, பாதிச் சாமணம் எல்லாம் போகட்டும். ஒரு வயலில் மக்கள் எந்த நூற்றாண்டில் வாழ்ந்தார்கள் என்பதை இந்த உடைசல்களும் சேர்ந்துதான் சொல்கின்றன.

## 12. வைத்திருப்பது

செப்புக் கலவைக்குப் பெரிய எதிரி ஈரம். மண்ணிலிருந்த உப்பு படலத்துக்கு அடியில் செப்புக் குளோரைடாகப் பதுங்கியிருக்கும். காற்றும் ஈரமும் பட்டதும் அமிலத்தை உண்டாக்கி, அந்த அமிலம் இன்னும் செம்பைத் தின்று, சுழற்சியாகப் போகும். மேலே வெளிர்பச்சை மாவு பொங்கும். இறுகிய, வழுவழுப்பான கரும்பச்சை நல்லது. தொட்டால் விரலில் ஒட்டும் வெளிர்பச்சைப் பொடி நோய்.

மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, அடியில் உலர்ந்த சிலிக்கா ஜெல், மேலே டிஷ்யூ மெத்தை. உள்ளே ஈரப்பதம் 35 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். ஈரப்பதம் காட்டும் அட்டை மலிவாகக் கிடைக்கும். ஓக் மரப் பெட்டி, அட்டைப்பெட்டி, பஞ்சு வேண்டாம். முதல் இரண்டில் அமில ஆவி. பஞ்சின் நார் கரண்டி முனையில் சிக்கி இழுக்கும்.

முதல் மாதம் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். பொடி தெரிந்தால் சுரண்டாமல், ஜெல்லை மாற்றி, வேறு பொருளிலிருந்து பிரித்து வைத்து, தொல்பொருள் பராமரிப்பாளரிடம் காட்டுங்கள்.

பதிவு எண்ணையும் கட்ட எண்ணையும் பென்சிலால் ஒரு சீட்டில் எழுதி டப்பாவுக்குள்ளேயே போடுங்கள். மூடியின் மேல் ஒட்டிய சீட்டு விழுந்துவிடும், மூடியும் மாறிவிடும்.